கலீபா கதையும் எங்க வீட்டுச் சாவியும்

எனக்கு எழுபத்தெட்டு வயசு. ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். அதில் அஞ்சு நான் பெத்தது, ரெண்டு என் நாத்தனார் விட்டுட்டுப் போனது. எது எதுன்னு எங்க தெருவில் பாதிப் பேருக்கு இன்னும் தெரியாது. தெரியக்கூடாதுன்னுதான் ஒரே தட்டில் வச்சு ஊட்டினேன். கை பட்டு நூலைத் தாரில் சுத்தும், கால் தொட்டிலை ஆட்டும், வாய் ஓதிகினு இருக்கும். ஆரணியில் அந்தக் காலத்துப் பொம்பளைங்க எல்லாருமே அப்படித்தான்னு சொல்வாங்க. எல்லாரும் இல்லை. நான் அப்படி.

படிப்பு மூணாங்கிளாஸ். குர்ஆனை அரபியில் தடங்கல் இல்லாமல் ஓதுவேன். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், எழுதினால் பல்லி ஓடின மாதிரி இருக்கும். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். காலேஜில் சரித்திரம் படிக்கிறவள். கலீபாக்களைப் பற்றி அவள் புஸ்தகத்தில் ஒரு பாடம் இருக்கு, படித்துக் காட்டினாள். எல்லாம் சரியாத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கதை எங்க வீட்டுக்குள் வந்து சாவியைக் கழட்டிகினு போனது அதில் இல்லை. அதை நான்தான் சொல்லணும்.

எங்க வீட்டுக்காரர் எங்க தெருப் பள்ளிவாசலுக்கு முத்தவல்லியாக இருந்தார். நிர்வாகம் மொத்தமும் அவர் பொறுப்பு. நான் ரெண்டு பிள்ளை பெத்த பிறகு ஏத்துகினார், மௌத்தாகிற வரைக்கும் விடலை. முத்தவல்லி வீட்டுக்கு என்ன மரியாதைன்னா, சாவி. பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு அறை உண்டு. கல்யாணத்துக்கு பிரியாணி ஆக்குற பெரிய தேக்ஷாக்களும், மௌத்தானவங்களைத் தூக்கிகினு போகிற சந்தூக்குப் பெட்டியும் அந்த அறையில்தான் இருக்கும். ஒரு முழ நீளச் சாவி. எங்க கூடத்துக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். யார் வீட்டில் கல்யாணமோ, யார் வீட்டில் மௌத்தோ, ஊரில் முதல் ஆள் எங்க வாசலுக்குத்தான் வரணும். அவர் வீட்டில் இருக்க மாட்டார். நான்தான் எடுத்துக் கொடுப்பேன். அந்தத் தெருவில் ஒரு நல்லது கெட்டது எனக்குத் தெரியாமல் நடந்தது கிடையாது.

அவர் போன பிறகும் சாவி ஆணியிலேயே இருந்தது. நான் வீட்டோடு இருக்கவேண்டிய இத்தா, நாலு மாசம் பத்து நாள், முடிகிற வரைக்கும் ஜமாத்தில் யாரும் வாயைத் திறக்கலை. அந்த மரியாதை இருந்தது. முடிஞ்ச கையோடு பேச்சு கிளம்பியது. அடுத்த முத்தவல்லி யார்? பாதிப் பேர் என் ரெண்டாவது மகனைச் சொன்னார்கள். பட்டுச் சேலை வியாபாரம், நாலு ஊர் போய் வருகிறவன், அத்தா மாதிரியே நிதானம். பாதிப் பேர் மாவு மிஷின்காரரைச் சொன்னார்கள். மிஷின்காரர் நல்ல மனுஷர்தான். ஆனால் மாவு மிஷின்காரர்! பேசினால் மிஷின் சத்தத்தில் அவருக்கே கேட்காது, அதனால் பேசுறதையே விட்டுட்டவர்.

சாவி என் ஆணியை விட்டுப் போகக்கூடாது. அதுதான் என் எண்ணம். மறைக்க என்ன இருக்கு?

அந்த நேரம் பார்த்து பள்ளிவாசலில் தொழ வைக்கிற எங்க ஹஜ்ரத் வியாழக்கிழமை மக்ரிப் தொழுகைக்குப் பிறகு பயான் பேச்சில் கலீபாக்கள் சரித்திரத்தை ஆரம்பித்தார். சின்ன வயசு, வெளியூர், இன்னும் நிக்காஹ் ஆகலை. அவருக்கும் முத்தவல்லி விஷயத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ரம்ஜான் வரைக்கும் சொல்ல ஒரு தொடர் வேணும், எடுத்தார், அவ்வளவுதான். ஆனால் எங்க தெருவில் ஒருத்தரும் அப்படி எடுத்துக்கலை. ஓட்டு கேட்க வந்தவர் பேச்சைக் கேட்கிற மாதிரி கேட்டார்கள். பயான் வீட்டில் இருந்தே கேட்க எங்களுக்கெல்லாம் சுவரில் சின்ன ஸ்பீக்கர் பெட்டி மாட்டியிருக்கு. பொம்பளைங்க அடுப்பை அணைச்சிட்டு அதுக்கடியில் உட்கார்ந்தோம்.

முதல் வியாழக்கிழமை முதல் கலீபா. நபி மறைஞ்ச அன்னைக்கு, அடக்கம்கூட ஆகலை, மதீனாவில் ஒரு கூரைக்கடியில் ஜனங்க கூடிட்டாங்க. உங்க ஆளா எங்க ஆளான்னு பேச்சு முத்திப்போச்சு. கடைசியில் ஒருத்தர் கையை நீட்டி இன்னொருத்தர் கையைப் பிடிச்சு, "நீங்களே இருங்க"ன்னார். அந்தக் கைப்பிடிதான் பைஅத். அவரைப் பார்த்து மத்தவங்களும் பிடிச்சாங்க. கலீபா ஆனவர் நபியோட மகனும் இல்லை, பேரனும் இல்லை. கூடவே இருந்த தோழர்.

"கேட்டீங்களா, வீட்டு ஆளு இல்ல, ஜனங்க கை வச்ச ஆளு" என்று மிஷின்காரர் கட்சி தெருமுனையில் நின்று பேசினார்கள்.

ஹஜ்ரத்துக்கு எங்க தெருவில் முறைச் சோறு. ஒரு நாளைக்கு ஒரு வீடு. மறுநாள் மிஷின்காரர் மச்சான் வீட்டு முறை. ஆட்டுக்கால் பாயாவும் ஆப்பமும் போனது. அதுக்கு அடுத்த நாள் எங்க முறை. நான் ரசமும் அப்பளமும் அனுப்பினேன்.

மருமகள் கேரியரைத் திறந்து பார்த்தாள். "என்ன மாமி, ஹஜ்ரத்துக்கு உடம்பு சரியில்லையா?"

"ரசம் குடிச்சா உடம்புக்கு நல்லதுதான்" என்றேன்.

அடுத்த வாரம் ரெண்டாவது கலீபா. முதல் கலீபா படுக்கையில் விழுந்ததும் நாலு பேரைக் கலந்துகினு அவரே எனக்குப் பிறகு இவர்னு சொல்லிட்டுப் போனார். எனக்குக் காது குளிர்ந்து போனது. எங்க வீட்டுக்காரரும் ஆஸ்பத்திரியில் மகன் கையைப் பிடிச்சு "பள்ளிவாசல் குழாயைப் பார்த்துக்க"ன்னாரே! நாலு பேர் கேட்டாங்களே! அந்த வாரம் ஹஜ்ரத்துக்கு என் கையால் பிரியாணி. அப்போ மிஷின்காரர் கட்சியில் இருந்து உப்புமா போனதாம்.

அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் புரியலை. பாங்கு சொல்ற மோதினாரிடம் கேட்டிருக்கிறார்: "இந்த ஊர்ல வாரத்துக்கு வாரம் சமையல் ஏன் இப்படி மாறுது?"

மோதினார் சொன்னாராம்: "நீங்க கலீபாவை மாத்தறீங்க, அவங்க கொழம்பை மாத்தறாங்க."

என் மகன் மட்டும் எதிலும் ஒட்டாமல் இருந்தான். சாப்பிடும்போது நான் பேச்செடுத்தால், "அம்மா, எனக்கு வேணாம்மா" என்பான். எல்லாரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள், அது மரியாதைக்குச் சொல்றதுன்னு நான் நினைத்தேன். முதல் கலீபாவும் அப்படித்தான் சொன்னாராம். அவர் முதல் முதலாக ஜனங்க முன்னால் பேசினதை ஹஜ்ரத் சொல்லியிருந்தார். உங்களில் நான் ஒசத்தி இல்லை, ஆனாலும் பொறுப்பு என் தலையில் வந்திருக்கு. சரியாப் போனால் கூட வாங்க, கோணலாப் போனால் நிமிர்த்துங்க. ராஜா இப்படிப் பேசுவானா? கலீபான்னா அதுதான் வித்தியாசம். அவர் நபியும் இல்லை, ராஜாவும் இல்லை. நபிக்குப் பின்னால் ஜனங்களைப் பார்த்துக்கிறவர், பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

மூணாவது வாரம்தான் என்னைக் கவிழ்த்த வாரம்.

ரெண்டாவது கலீபாவை ஒருத்தன் கத்தியால் குத்திட்டான். பிழைக்க மாட்டார்னு தெரிஞ்சு போச்சு. அவருக்கு நல்ல மகன், எல்லாரும் மதிக்கிற மகன். இவரையே வச்சிடுங்கன்னு ஒருத்தர் யோசனை சொன்னார். அதுக்கு அவர் ஒத்துக்கலை. ஆறு பேரைச் சொல்லி, நீங்களே கலந்து பேசி மஷூரா பண்ணி உங்களுக்குள்ள ஒருத்தரை எடுங்கன்னார். என் மகன் கூட உட்காரட்டும், யோசனை சொல்லட்டும், ஆனால் பதவி அவனுக்கு இல்லை. நாளைக்கு அல்லாஹ் முன்னால் நின்று பதில் சொல்ல எங்க குடும்பத்தில் இருந்து ஒரு ஆள் போதும்.

ஸ்பீக்கர் பெட்டி தன் பாட்டுக்குப் பேசிகினு இருந்தது. மருமகள் என்னைப் பார்க்காமல் வெங்காயம் உரிச்சாள். வெளியே போயிருந்த மகன் வந்து செருப்பைக் கழட்டினான். அவன் முகத்தில் லேசாகச் சிரிப்பு.

"என்னடா சிரிப்பு? உன் பதவி போச்சுன்னு ஹஜ்ரத்து சொல்றாரு."

"அம்மா, அத்தா கிட்ட நான் ஒரு விஷயம் பேசணும்னா ஜமாத்து கூட்டத்துக்குப் போய் கையைத் தூக்கணும். அப்படி இருந்தது நம்ம வீடு. என் பசங்களும் கையைத் தூக்கணுமா?"

என் மூணாவது பிரசவத்தின்போது அவர் தேக்ஷா ஒண்ணு ஒடுங்கிப் போன பஞ்சாயத்தில் இருந்தார். ஒடுக்கு எடுத்து முடிச்சிட்டு வந்து, "என்ன குழந்தை?" என்று கேட்டார். அப்போது குழந்தைக்குப் பேரே வச்சாச்சு. அதெல்லாம் எனக்கும் தெரியும்தான். ஆனால் சாவி என்னோடது இல்லையா? அவர் ஊரெல்லாம் சுத்தினார், எனக்குச் சாவி இருந்தது.

அந்த ஆறு பேரில் ஒருத்தர் மூணாவது கலீபா ஆனார். நாலாவது கலீபா நபிக்குத் தம்பி முறை, மருமகனும்கூட, வீட்டு ஆளே. எங்க கட்சிக்குக் கொஞ்சம் உசிர் வந்தது. ஆனால் அவர் காலத்தில் சண்டையும் ரத்தமுமாப் போச்சுன்னு சொன்னதில் யாருக்கும் பிரியாணி ஆக்க மனசு வரலை. அதுக்கப்புறம் அப்பன் மகனுக்குக் கொடுத்து, மகன் அவன் மகனுக்குக் கொடுத்து அரண்மனையாப் போச்சாம். பேர் கலீபா, நடப்பு ராஜாங்கம். பேத்தி புஸ்தகத்தில் அப்புறம் பாக்தாத், துருக்கின்னு நீளமாப் போகுது. துருக்கியில் கடைசி கலீபாவை இறக்கிவிட்டபோது எங்க அத்தா சின்னப் பையன். வெள்ளிக்கிழமை குத்பா பிரசங்கத்தில் கலீபா பேரைச் சொல்லி துஆ கேட்கிற வழக்கமாம். அந்த வெள்ளிக்கிழமை பேர் வரவேண்டிய இடத்தில் அப்போதைய ஹஜ்ரத் நின்னுட்டாராம். அப்புறம் தொண்டையைச் செருமிகினு, "எல்லாருக்கும்" என்று துஆவை முடிச்சாராம். எங்க அத்தா இதைச் சொல்லும்போதெல்லாம் அந்த இடத்தில் அவரும் கொஞ்சம் நிற்பார்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆறு பேர் மஷூரா எப்படி முடிஞ்சதுன்னு ஹஜ்ரத் அன்னைக்குச் சொன்னதில் ஒண்ணு என் காதில் சிக்கிகினு இருந்தது. அந்த ஆறு பேரில் ஒருத்தர், எனக்கு வேண்டாம்னு தானே விலகிகினு, அப்போ யார்னு கேட்கிற வேலையை எடுத்துகினார். ஊர் முழுக்கக் கேட்டார். படை வீரனைக் கேட்டார், வெளியூரில் இருந்து வந்தவனைக் கேட்டார், திரைக்குப் பின்னால் இருந்த பொம்பளைங்களையும் கேட்டார்.

பொம்பளைங்களையும்!

நான் மோதினார் மூலமாக ஜமாத்துக்குச் சொல்லி அனுப்பினேன். "மதீனாவில் கேட்டாங்களே, ஆரணியில் ஏன் கேட்கலை?" எனக்குக் கணக்கு சரியாத்தான் இருந்தது. ஆம்பளைங்க பாதிக்குப் பாதி. பொம்பளைங்க எல்லாரும் என் கூடத்தில் உட்கார்ந்து டீ குடிச்சவங்க. யாரைச் சொல்வாங்க?

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் பிறகு கூட்டம். ஸ்பீக்கரை அணைக்க மோதினார் மறந்துட்டார். அவர் மறந்தாரா, நான் சொல்லித்தான் மறந்தாரா, அது எங்க ரெண்டு பேருக்குத் தெரியும். மோதினார் என் கேள்வியைச் சொன்னதும் சலசலன்னு சத்தம். ஒருத்தர், "பழக்கம் இல்லையே பாய்" என்றார். ஹஜ்ரத், "பழக்கம் இல்லைன்னாலும் ஆதாரம் இருக்கு" என்றார். நல்ல பிள்ளை. அப்புறம் ஒரு பேச்சு சொன்னார்: "ஆனா கேக்கப் போறவர் போட்டியில இருக்கக் கூடாது. மதீனாவுல கேட்டவர் முதல்ல விலகினார், அப்புறம்தான் கேட்டார்."

யார் போவதுன்னு பேச்சு. போட்டி இல்லாத கிழவர்கள் எல்லாம் முட்டிவலின்னார்கள்.

அப்போது என் மகன் குரல். தெளிவாக, நிதானமாக, அவன் அத்தா மாதிரியே.

"நான் விலகிக்கறேன். நானே போய்க் கேட்டுகினு வர்றேன்."

நான் ஸ்பீக்கர் பெட்டியைப் பார்த்தேன். மருமகள் என்னைப் பார்த்தாள். நான் திறந்த கதவு வழியாவே அவன் வெளியே போயிட்டான்.

பரவாயில்லை, எவன் விலகினாலும் ஜனங்க பிடிச்சு உட்கார வைப்பாங்கன்னு நினைத்தேன். அவன் வீடு வீடாகப் போய்க் கதவுக்கு வெளியே நின்று கேட்டான். கூட மோதினார். பதில் எல்லாம் எனக்கு அப்பப்போ வந்து சேர்ந்தது. சொன்னேனே, எனக்குத் தெரியாமல் அந்தத் தெருவில் ஒண்ணும் நடக்காது.

எல்லாரும் மிஷின்காரர்.

எதிர்வீட்டுக்காரியைச் சொல்லணும். நாப்பது வருஷமா என் வீட்டு டீ. அவள் கதவுக்குப் பின்னால் இருந்து சொன்னாளாம்: "தம்பி, உன்னைச் சொல்ல எனக்கு ஆசைதான். ஆனா சாவி கேட்டு உங்க வூட்டுக்கு வந்தா உங்க அம்மா சும்மா குடுக்கறாங்களா? எத்தனை தேக்ஷா, எத்தனை பேரு, சம்பந்தி யாரு, எவங்களைக் கூப்புடல, ஏன் கூப்புடல, அத்தனையும் சொன்னாத்தான் கை ஆணிக்குப் போவுது. மிஷின்கார பாய்க்கு வாயே கெடையாது. அவருகிட்ட அரிசி அரைக்கக் குடுத்தா மாவு மட்டும்தான் திரும்பி வரும், பேச்சு வராது."

மோதினார் இதைச் சொல்லிட்டு ஓடிப்போக ஒரு காலை வெளியே வச்சுகினே நின்றார்.

நான் கேட்டது நிஜம். கேட்காமல் எப்படிக் கொடுப்பது? அண்ணன் தம்பி பேச்சில்லாமல் இருந்த ஒரு வீட்டில், "ஏன் கூப்பிடலை"ன்னு நான் கேட்டுக் கேட்டுத்தான் கடைசியில் கூப்பிட்டான். அந்த ரெண்டு வீடும் இன்னைக்கு ஒண்ணா சாப்பிடுது. அதை எதிர்வீட்டுக்காரி சொல்ல மாட்டாள்.

எங்க வீட்டுக்குக் கடைசியாக வந்தான். தன் வீடுன்னு உள்ளே வரலை, மத்த வீட்டில் நின்ற மாதிரியே வாசலில் நின்றான். மருமகளைக் கேட்டான். அவள் கூசாமல் "மிஷின்கார மாமு" என்றாள். புருஷன் சாயங்காலம் வீட்டில் இருக்கணும்னு அவளுக்கு. பேத்தியைக் கேட்டான். அவளும் அதையே சொன்னாள். எழுதும்போது ஏன் சிரிக்கிறே? எழுது.

அப்புறம் என்னிடம். "நீங்க யாரைச் சொல்றீங்கம்மா?"

"உன்னைத்தான்."

"நான் விலகிட்டேனேம்மா."

"நீ விலகினா நான் விலகணுமா? கேட்டே, சொல்லிட்டேன். போய் அப்படியே சொல்லு. கூட்டாதே, கொறைக்காதே."

அப்படியே சொன்னான். ஸ்பீக்கரில் கேட்டேன்: "கேட்ட எல்லா வீட்டுலயும் மிஷின்கார பாயைச் சொல்றாங்க. எங்க அம்மா மட்டும் என்னைச் சொல்றாங்க." பள்ளிவாசலே சிரித்தது. கேலிச் சிரிப்பு இல்லை, எனக்கு வித்தியாசம் தெரியும். ஹஜ்ரத்தும் சிரித்தார். அப்புறம் ஒவ்வொருத்தராகப் போய் மிஷின்காரர் கையைப் பிடித்தார்களாம். என் மகன்தான் முதல் கை.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு சாவி வாங்க வருவதாகத் தகவல் வந்தது. நான் அதைப் புளி போட்டு விளக்கினேன். அத்தனை வருஷம் அது கறுப்புன்னு நினைச்சுகினு இருந்தேன், தேய்க்கத் தேய்க்க உள்ளே வெளுப்பு. மகன் கடையில் இருந்து ஒரு பட்டுத் துண்டு எடுத்து அதன் ஒரு முனையில் சாவியை முடிந்தேன். மிஷின்காரர் சட்டையில் மாவோடு வாசலில் வந்து நின்றார். நான் திரைக்கு இந்தப் பக்கம்.

"பொம்பளைங்க கை குடுக்கறதில்ல. இந்த முனையை நான் புடிச்சிக்கறேன், அந்த முனையை நீங்க புடிச்சிக்கங்க" என்றேன். பிடித்தார். "முதல் கலீபா சொன்னதைச் சொல்லுங்க. அப்பதான் வுடுவேன்."

அவருக்குப் பேசிப் பழக்கம் இல்லையே. மெதுவாக, "கோணலாப் போனா நிமித்துங்கம்மா" என்றார்.

"அதுக்கு நான் இருக்கேன்" என்று விட்டேன்.

இருக்கவும் செய்கிறேன். கை கால் கழுவுற ஹவுளுக்குப் பக்கத்தில் ரெண்டாவது குழாய் ஒழுகுதுன்னு சொன்னேன், மறுநாளே வாஷர் மாத்தினார். அரிசி அரைக்க இப்போது நானே மிஷினுக்குப் போகிறேன். சாவி அங்கே ஒரு ஆணியில் தொங்குது, மாவு படிஞ்சு. "யாரு வூட்ல கல்யாணம் பாய், ரெண்டு தேக்ஷா போயிருக்கே?" என்று கேட்டால், மிஷினைக் காட்டிக் காதில் கையை வச்சுக்கிறார். மிஷின் ஓடாதபோதும் அப்படித்தான்.

சாயங்காலம் மகன் வீட்டில் இருக்கிறான். பிள்ளைங்களோட சத்தம் போட்டு கேரம் ஆடுகிறான். கூடத்துக் கதவுக்குப் பக்கத்தில் அந்த ஆணி சும்மாவே இருக்கு. மருமகள் காலண்டர் மாட்டலாமான்னு கேட்டாள். கேட்காமல் மாட்டியிருக்கலாம், கேட்டாள். கேட்டதனால் சரின்னேன்.

போதும் எழுதினது. என் ஓட்டு யாருக்குன்னு நான் சொன்ன மாதிரியே வச்சிருக்கியான்னு பார்க்கணும். நீயும் மிஷின்காரர் கட்சிதானே, உன்னை நம்ப முடியாது. கண்ணாடியைத் துடைச்சுகினு வந்து பக்கத்தில் உட்காரு. எழுபத்தெட்டு வயசு, ஏழு பேர், அங்கே இருந்து படி. சத்தமாப் படி, உங்க அத்தாவும் கேட்கட்டும்.